இரண்டு படம், ஒரே பென்சீன்

தோவா டீச்சர் ஆள் சின்னது, குரல் பெரியது. அவள் மூன்றாவது மாடியில் வேதியியல் எடுத்தால் கீழே டீக்கடைக்காரருக்கும் பாதி பாடம் வந்துவிடும் என்று ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். கேலி சொன்னவரைவிட அவள்தான் சத்தமாகச் சிரிப்பாள். பென்த்ரே மாகாணத்தின் கடலோரத்தில், தென்னந்தோப்பும் இறால் குட்டையுமாகக் கிடக்கும் எங்கள் மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளியில் அவள் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். ஒன்பது வருஷமும் தற்காலிக ஆசிரியைதான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒப்பந்தம் தீரும், பள்ளி திறக்கும்போது புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமல் போனால் என்ன ஆவது என்ற பயத்தை அவளும் ஒன்பது கோடையாகச் சுமந்தாள். கணவன் ஹாவ் சந்தைக்குப் பக்கத்தில் டிவி, ரேடியோ பழுது பார்ப்பவன். ஒரே மகள், ஆறு வயது. இவ்வளவுதான் குடும்பம்.

அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு நிரந்தர இடம் வந்தது. ஒன்றே ஒன்று. அதற்குத் தகுதியாக இரண்டு பேர்: தோவாவும், அவளைவிட இளையவரான ஒரு கணக்கு வாத்தியாரும். தலைமையாசிரியர் தாவ் சார் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். முடிவைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் மாகாணத்தின் தலையில் தூக்கி வைத்தார். மாகாணத்திலிருந்து நடுவர்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள், யார் 'சிறந்த ஆசிரியர்' சான்றிதழ் வாங்குகிறாரோ அவருக்கு இடம், மற்றவர் தீவுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தீவுப் பள்ளி என்றால் இரண்டு படகு மாற வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிடும். மகள் எழுந்திருக்கும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டாள். சம்பளம், அந்தஸ்து என்று மற்றவர்கள் பேசினார்கள். அவளுக்கு மகளின் தலையைக் காலையில் யார் பின்னிவிடுவது என்பதே பெரிய கவலையாக இருந்தது.

நடுவர் பார்க்கும் வகுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி நடிப்பது நடுவர்கள் மட்டும்தான். அவர்களும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவர்கள். பாடத்தை முன்கூட்டியே இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்துவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு யார் எழுந்து என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். டீச்சர் கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும், ஒரு கைகூடத் தாழ்ந்திருக்கக் கூடாது. பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நடுவர் 'மாணவர் பங்கேற்பு நூறு சதவீதம்' என்று எழுதிக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, இங்கே மறைப்பவரும் சாப்பிடுபவரும் சேர்ந்தே மறைப்பார்கள்.

தோவாவுக்கு விழுந்த பாடம் பென்சீன். அவளுக்கு அது கரும்பு தின்னக் கூலி மாதிரி. ஆறு கார்பன் சேர்ந்த வளையம், அதில் மூன்று இரட்டைப் பிணைப்பு, மூன்று ஒற்றைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்புகளை இந்தப் பக்கம் வைத்து ஒரு படம், அந்தப் பக்கம் தள்ளி வைத்து இன்னொரு படம். இந்த இரண்டுக்கும் உடனிசைவு அமைப்புகள் என்று பேர். இரண்டு படம் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் தோவா ஒன்பது வருஷமாக ஒரே பதில் சொல்லிவந்தாள்: இரட்டைப் பிணைப்புகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, இங்கேயும் அங்கேயும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான். அவளுக்கு அவளுடைய வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு படமும் இருக்கும், அறுகோணத்துக்குள் ஒரு வட்டம். கை வலிக்காமல் சீக்கிரம் வரைய ஒரு குறுக்கு வழி என்று அதை அவள் தள்ளிவிடுவாள்.

இந்தப் பாடத்துக்காக ஹாவ் அவளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தான். பழைய டிவியின் பலகையில் அறுகோணம் வரைந்து, ஆறு பக்கத்திலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு. பொத்தானை அழுத்தினால் மூன்று விளக்கு எரியும். அது அணைந்து மற்ற மூன்று எரியும். டிக் டிக் என்று மாறி மாறி எரிவதைப் பார்க்கப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சன்னலில் தொங்குவார்கள். மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இப்படி ஒன்று கிடையாது. போட்டிப் பாடம் முழுவதையும் தோவா அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் கட்டியிருந்தாள்.

பதினொன்றாம் வகுப்பில் மியென் என்று ஒரு பெண். கடலுக்கு ஒட்டிய கிராமத்தில் இறால் வளர்ப்பவரின் மகள். வகுப்பில் முதல் மாணவி என்று சொல்ல முடியாது, நடுவில் எங்கேயோ இருப்பாள். ஆனால் வாய் திறந்தால் வார்த்தை தெளிவாக வரும். அதனால் முக்கியமான கேள்விக்கு அவளையே தோவா வைத்திருந்தாள். பென்சீனுக்கு ஏன் இரண்டு படம் என்று டீச்சர் கேட்பாள். மியென் வலது கையைத் தூக்கி எழுந்து, 'மூணு இரட்டைப் பிணைப்பும் ஒரு இடத்துல நிக்காம மாறி மாறி ஓடுது டீச்சர்' என்று சொல்ல வேண்டும். உடனே விளக்கு எரியும். நடுவர்கள் வாய் பிளப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

முதல் ஒத்திகையில் மியென் இடது கையைத் தூக்கினாள். கை மாறிவிட்டது போல என்று நினைத்துத் தோவா சிரித்துக்கொண்டே திருத்தினாள். இரண்டாவது ஒத்திகையிலும் இடது கை. "சோறு எந்தக் கையில சாப்பிடுறே? அந்தக் கையைத் தூக்கு" என்றாள் தோவா. வகுப்பு சிரித்தது. மூன்றாவது ஒத்திகையிலும் அதே இடது கை நின்றபோது தோவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"நான் கை மாத்தித் தூக்கல டீச்சர்" என்றாள் மியென். "எனக்கு நிஜமாவே புரியல. தெரியலைன்னா இடது கைதானே?"

"பதிலைத்தான் மனப்பாடமா சொல்றியே."

"சொல்றேன் டீச்சர். புரியாமத்தான் சொல்றேன்."

போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. போட்டி முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து புரியவைக்கிறேன் என்று சொல்லித் தோவா அவளை அனுப்பினாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். வேறு யாராவது என்றால் இதோடு மறந்திருப்பார்கள். தோவாவால் என்னவோ முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தக் கையே நினைவுக்கு வந்தது. பேர் வாங்கிக்கொடுக்கும் கேள்வியை வேறு பெண்ணுக்கு மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மாற்றவில்லை. மியெனே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

மார்ச்சில், போட்டி நாளன்று, நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை நடுவர் வின் சார், மாகாணத்திலேயே மூத்த வேதியியல் ஆசிரியர். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் எழுதும் பேனாச் சத்தம் கேட்டாலே எங்கள் ஆசிரியர்களுக்கு வியர்க்கும். தோவா ஊதா நிற நீள அங்கி தைத்துப் போட்டிருந்தாள். தாவ் சார் கதவோரம் நின்றார். அவருக்குப் பக்கத்தில் வேதியியல் பிரிவின் தலைவி சாம் அக்கா. தோவாவுக்கு இந்தப் பள்ளியில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான், திட்டுகிற ஒரே ஆளும் அவள்தான்.

முதல் இருபது நிமிஷம் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் போனது. கேள்வி கேட்டாள், நாற்பத்திரண்டு கை எழுந்தது, வலது கையைக் கூப்பிட்டாள், பதில் வந்தது. ஆறு பிணைப்பின் நீளத்தையும் புத்தகத்திலிருந்து படிக்கச் சொன்னாள். சாதாரண ஒற்றைப் பிணைப்பு நீளம், இரட்டைப் பிணைப்பு குட்டை. பென்சீனில் ஆறும் ஒரே அளவு, இரண்டுக்கும் நடுவில். அதையும் பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். பிறகு பலகையில் இரண்டு படத்தையும் வரைந்துவிட்டு, கையில் பொத்தானோடு திரும்பி, ஏன் இரண்டு படம் என்று கேட்டாள்.

நாற்பத்திரண்டு கை எழுந்தது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் மியென் தூக்கியிருந்தது இடது கை.

வலது கைகள் எத்தனையோ இருந்தன. மியென் சொல்ல வேண்டியதை அத்தனை பேரும் மூன்று முறை கேட்டவர்கள்தான். அதில் யாரைக் கூப்பிட்டாலும் பதில் வந்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும், மகளின் தலையைத் தினமும் அவளே பின்னியிருப்பாள். தோவாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒரு விநாடி அப்படியே நின்றாள். அந்தப் பெண் முறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல என்ன வழி கொடுத்திருந்தார்களோ அந்த வழியில் நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க ஆள்தான் இல்லை. தோவாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"மியென், சொல்லு."

சாம் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மியெனும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறும் ஒரே நீளம்னு இப்பதான் படிச்சோம் டீச்சர். மாறி மாறி ஓடுதுன்னா, எந்த நிமிஷம் நிறுத்திப் பாத்தாலும் மூணு நீளமா மூணு குட்டையா இருக்கணும்ல? அப்படி இல்லைங்கறாங்க. அப்ப ஓடுதுங்கறது எப்படி டீச்சர் சரி?"

வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தோவா பலகையைப் பார்த்தாள். கையில் இருந்த பொத்தானைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் எத்தனை வகுப்பு, எத்தனை முறை டிக் டிக். ஒரு முறைகூடத் தனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று நினைத்தபோது காதுவரை சூடேறியது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பெரிய குரல் இருக்கிறது, பெரிய வார்த்தைகளும் இருக்கின்றன. ஆனால் பொத்தானை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"எனக்கு இதுக்குப் பதில் தெரியல" என்றாள். "எல்லாரும் சேர்ந்து பாப்போமா?"

ஒத்திகையில் இல்லாத ஒரு சத்தம் வகுப்பில் கிளம்பியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வகுப்புத் தலைவன் முதலில் எழுந்தான், வலது கையா இடது கையா என்று பார்க்காமல். மின்விசிறி மாதிரி இருக்கலாமே என்றான் அவன். மூன்று இறக்கைதான், வேகமாகச் சுற்றினால் வட்டத் தட்டு போலத் தெரிகிறது, பென்சீனும் அப்படி வேகமாக மாறுவதால் ஆறும் ஒன்றுபோலத் தெரியலாம் என்று வாதாடினான். நல்ல வாதம். தோவாவுக்கே சரி என்று பட்டது.

மியென் விடவில்லை. "விசிறி சுத்தக் கரண்ட் வேணும். இதை யாரு சுத்துறா?"

கொல்லென்று சிரிப்பு. அப்போதுதான் தோவாவுக்குக் கல்லூரிக் குறிப்பேட்டில் எப்போதோ எழுதி மறந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வரைந்த படத்தின்படி கணக்குப் போட்டால் வரவேண்டிய ஆற்றலைவிட நிஜப் பென்சீனின் ஆற்றல் குறைவு. ஆற்றல் குறைவு என்றால் அவ்வளவு அமைதியாக, அசைக்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம். பரீட்சைக்காகப் படித்து, எழுதி, மறந்துபோன வரி. அதைப் பலகையில் எழுதி, இதற்கும் மியென் கேட்டதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பிறகு மியென் மெதுவாக ஆரம்பித்தாள்.

"எங்க குட்டையில உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் மாத்தி மாத்தி விட்டா எறால் செத்துப்போயிரும் டீச்சர். கலந்த தண்ணியிலதான் நல்லா இருக்கும். கலந்த தண்ணின்னா ஒரு நேரம் உப்பு, ஒரு நேரம் நல்ல தண்ணின்னு இல்ல. எப்ப அள்ளினாலும் அதே தண்ணிதான்."

கடலோரப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் இறால் குட்டை உண்டு. நாற்பத்திரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஆடியது. தோவாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட்டமே இல்லை. இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்குத் தாவும் பென்சீன் என்று ஒன்று கிடையாது. பென்சீன் ஒன்றுதான், எப்போதும் அதேதான். நம் கோடுகளுக்கு அதை ஒரே படத்தில் காட்டத் தெரியாததால் இரண்டு படம் போடுகிறோம், இரண்டும் அரைகுறை. இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் எந்த இரண்டு கார்பனுக்கும் நடுவில் சொந்தமாகக் குடியிருக்கவில்லை. வளையம் முழுவதற்கும் பொதுவாகப் பரவிக் கிடக்கின்றன. அப்படிப் பரவியதால்தான் அதற்கு அவ்வளவு அமைதி. தான் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தோவா இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு படத்தையும் அழித்தாள். அறுகோணம் போட்டு, உள்ளே வட்டம் வரைந்தாள். குறுக்கு வழி என்று ஒன்பது வருஷம் தள்ளிவைத்த அதே வட்டம்.

பாடம் முடியுமுன்னே, எங்கள் பள்ளியில் மணிக்குப் பதிலாக அடிக்கும் முரசை அடித்துவிட்டார்கள். தொகுப்புரை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, விளக்கு எரியவே இல்லை. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்ல மறந்து இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி கழித்து ஆசிரியர் அறையில் மதிப்பீட்டுக் கூட்டம். டீ ஆறிக்கொண்டிருந்தது. சின்ன நடுவர்கள் இருவரும் நேரம் போதவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வின் சாரைப் பார்த்தார்கள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகத் தோவாவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி, நீங்க ஏற்பாடு பண்ணினதுதானே? முதல்ல தப்பான விளக்கத்துக்குக் கொண்டுபோயி, பிள்ளைங்களே உடைக்கிற மாதிரி விட்டீங்க. இப்படி ஒரு வகுப்பை நான் பாத்ததில்ல. அப்படித்தான்னா நேரம் போனதெல்லாம் ஒரு குறையே இல்ல."

மேஜைக்கு அடியில் சாம் அக்காவின் கால் தோவாவின் காலை மிதித்தது. மெதுவாக இல்லை, நன்றாகவே மிதித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. சான்றிதழ், நிரந்தர இடம், இனிமேல் கோடை பயம் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு எடை இருந்தது. தாவ் சார்கூட முகம் மலர்ந்து தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

தோவா பொய்யே பேசாத உத்தமி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒத்திகை பார்த்தவள்தானே. அவளைத் தடுத்தது வேறு. ஆமாம் என்று சொன்னால் வின் சார் கையில் இருக்கும் தாளில், மாணவி ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி கேட்டாள் என்று ஏறிவிடும். நாலு முறை இடது கையைத் தூக்கி அந்தப் பெண் கேட்ட கேள்வி, ஒப்பித்த கேள்வியாகிவிடும். அவள் சொந்தமாக யோசித்த ஒன்றைப் பிடுங்கித் தன் பேரில் போட்டுக்கொள்வதா? அதுதான் தோவாவால் முடியவில்லை.

"இல்ல சார்" என்றாள். "நான் தப்பாத்தான் தெரிஞ்சு வச்சிருந்தேன். ஒன்பது வருஷமா தப்பாத்தான் சொல்லிக்குடுத்தேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்கப்புறம்தான் எனக்கே தெரியும்."

சாம் அக்காவின் கால் விலகியது. வின் சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு எழுதினார். பாடப்பொருளில் பிழை. அப்படி எழுதிவிட்டால் சான்றிதழ் கிடையாது, அதுதான் விதி.

நடுவர்கள் கிளம்பும்போது அவர் வண்டி நிறுத்தத்தில் தோவாவைத் தனியாகக் கூப்பிட்டார். "மார்க்குல நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, வேறு யார் காதிலும் விழாமல், "நானும் இருபத்தாறு வருஷமா ஓடுதுன்னுதான் சொல்லிக்குடுத்தேன்" என்றார். தோவா பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இடம் கணக்கு வாத்தியாருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், இனிப்பு கொடுக்க வந்தபோது தோவாவின் முகத்தைப் பார்க்கக் கூசினார். அவள்தான் அவர் தோளில் தட்டி, சாம் அக்காவின் திட்டுக்கு இனி நீ வாரிசு என்று சிரிக்க வைத்தாள். வீட்டில் வந்துதான் அழுதாள். ஹாவ் அவளை அழவிட்டு, பிறகு, அப்படியானால் என் பெட்டியும் பொய் சொல்லிக்கொண்டிருந்ததா என்று கேட்டான். மறுவாரம் ஆறு விளக்கும் ஒன்றாக, மங்கலாக எரியும்படி கம்பிகளை மாற்றிக்கொடுத்தான். பார்ப்பதற்கு முன்னைவிட சுமார்தான், சன்னலில் இனி யாரும் தொங்க மாட்டார்கள். ஆனால் தோவாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. மகளுக்குத் தலை பின்ன ஹாவ் கற்றுக்கொண்டான். கோணல் மாணலாகத்தான் பின்னினான்.

செப்டம்பரில் தீவுப் பள்ளி. இரண்டு படகு, இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவது. கஷ்டம்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. மழையில் படகு நின்றுவிட்டால் கரையில் நனைந்துகொண்டு நிற்பாள். ஆனால் வகுப்புக்குள் போனால் அவளுக்கு ஒரு புது ருசி வந்திருந்தது. எதையும் எழுதுவதற்கு முன்னால், இது எனக்கே புரிந்திருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். பாதி விஷயம் புரிந்திருக்கவில்லை. அதைத் தேடிப் படிப்பதில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஒன்பது வருஷத்தில் ஏற்பட்டதில்லை. இதையெல்லாம் எனக்குக் கொடுத்தவள் அந்தப் பெண் என்று ஹாவிடம் அடிக்கடி சொல்வாள். அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்றும் சொல்வாள்.

நவம்பரில் ஒரு நாள் சந்தையில் சாம் அக்காவைப் பார்த்தாள். பேச்சு மியென்மேல் வந்தது.

"அந்தப் பொண்ணா? இப்ப எந்தக் கையும் தூக்கறதில்ல" என்றாள் சாம் அக்கா. "உன்னாலதான்டி டீச்சர் தீவுக்குப் போனாங்கன்னு பிள்ளைங்க சொல்லிச் சொல்லி, வாயையே மூடிக்கிட்டா. கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

தோவா வாங்கிய கீரையைத் திரும்பக் கடையிலேயே வைத்துவிட்டாள். இத்தனை மாதமாகத் தான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இடத்தை இழந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

நவம்பர் இருபது எங்கள் நாட்டில் ஆசிரியர் தினம். அன்றைக்கு ஊரில் பூ விலை ஏறிவிடும். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மிதிவண்டியில் வாத்தியார் வீடுகளுக்குப் பூவும் பழமுமாகப் போவார்கள். டீச்சர்கள் நல்ல உடை உடுத்தி, டீ போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார்கள். தோவா அன்று வீட்டைப் பூட்டினாள். ஊதா அங்கியைப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டு மஞ்சள் சாமந்தியும் ஒரு பை ஆரஞ்சும் வாங்கி, வண்டியில் கடலோரக் கிராமத்துக்குப் போனாள்.

மியெனின் அப்பா குட்டைக்கரையில் நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு. டீச்சரைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார். டீச்சர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டது என்றுதானே அர்த்தம். காலைக் கழுவாமலே ஓடிவந்தார்.

"என்ன பண்ணினா டீச்சர்? சொல்லுங்க, நான் கேக்கறேன் அவளை. இன்னிக்கு நாங்கல்ல உங்க வீட்டுக்கு வரணும்?"

மியென் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகு வந்தாள், தலையைக் குனிந்தபடி. வளர்ந்திருந்தாள், முகம் வாடியிருந்தது. தோவா எழுந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் டீச்சர் முன்னால் மாணவிதான் எழுந்து நிற்பாள், பூவை இரண்டு கையாலும் மாணவிதான் கொடுப்பாள். தோவா அந்தப் பூவை இரண்டு கையாலும் மியெனிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நமக்குச் சொல்லிக்குடுத்தவங்களைப் போய்ப் பாக்கற நாள்" என்றாள். "அதான் வந்தேன்."

மியென் பூவை வாங்கவில்லை. "என்னாலதான் டீச்சர் நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னாலதான்" என்றாள் தோவா. "ஒன்பது வருஷம் தப்பா சொல்லிக்குடுத்தவ, இன்னும் இருபது வருஷம் தப்பாவே சொல்லிக்குடுத்திருப்பேன். உன்னாலதான் நின்னுது. நான் தீவுக்குப் போனது என் வாயால நான் சொன்ன உண்மைக்கு. அது உன் கணக்கு இல்ல. உனக்கு நான் கடன்பட்டிருக்கறது நன்றி மட்டும்தான், மியென். ரொம்ப நன்றிம்மா."

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: ஓர் எழுத்து சொல்லிக்கொடுத்தவரும் குரு, அரை எழுத்து சொல்லிக்கொடுத்தவரும் குரு. எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதியிருக்கும், யாரும் நின்று படிப்பதில்லை. மியெனின் அப்பாவுக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் டீச்சர் தன் மகள் முன்னால் தலை குனிந்து வணங்கியதைப் பார்த்தார். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவரும் எதற்கென்று தெரியாமலே வணங்கினார்.

மியென் பூவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். தோவா அழவிட்டாள். டீ வந்தது, ஆரஞ்சு உரித்தார்கள். இரண்டாவது ஆரஞ்சு பாதி தீர்ந்தபோது மியென் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். மார்ச்சுலேர்ந்து வச்சிருக்கேன். யார்கிட்டயும் கேக்கல."

"கேளு."

"பென்சீன்ல எலக்ட்ரான் ஆறு கார்பனுக்கும் பொதுன்னு சொன்னீங்க. எதுக்கு அந்த ஆறோட நிக்கணும்? ஆயிரம் கார்பன் வரிசையா ஒட்டியிருந்தா, அந்த ஆயிரத்துக்கும் பொதுவா இருக்குமா?"

தோவா கையில் இருந்த ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தாள். பையைத் திறந்து தாளும் பேனாவும் எடுத்து, இரண்டையும் மியென் பக்கம் நகர்த்தினாள்.